மண் தொடாத வீடு

முத்தன்துறையில் கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே ஓடுகிற றோட்டில், மேற்குப் பக்கத்து நாலாவது வேலிப் படலைக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பத்தரை மணிக்கு, ஜெசிந்தாவின் சீதனக் காணியில் நின்ற வீடு மண்ணை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது. அன்றைக்கு அந்தோனியார் பூசை முடிந்து ஊரில் பாதிப் பேர் அவித்த கடலையும் கையுமாக அந்தப் படலையைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தோம், ஆகையால் யாரோ சொன்னதை நான் எழுதவில்லை, மாதா அறிய என் கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

காணி இரண்டு பரப்பு. ஜெசிந்தாவின் தாய் மகிறம்மா, கலியாணத்துக்கு முதல்நாள் நொத்தாரிசு சவிரிமுத்தரின் மேசையில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்து மகளுக்குச் சீதனமாய் எழுதிக் கொடுத்த காணி. எங்கள் பக்கத்தில் மண் பெண்பிள்ளைக்குத்தான்; ஆண்பிள்ளைகள் தகப்பன் விட்டதைத் தங்கச்சிமாருக்கு எழுதிவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு, பெண்சாதியின் சீதன மண்ணில் போய்க் கால் வைப்பார்கள். அமலதாசும் அப்படித்தான் வந்தார். தகப்பனின் மூன்று பரப்பையும் தங்கச்சி பிலோமினாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சூட்கேசோடு வந்தவர், பிறகு கட்டாருக்குப் போய்ப் பதினொரு வருசம் வெய்யிலில் நின்று, திரும்பி வந்து, மகிறம்மாவின் மண்வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கல்வீடு எழுப்பினார். நாலு அறை, முன்னால் ஒரு விறாந்தை, ஹோல் முழுக்க மாபிள்.

ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. ஆனால் ஜெசிந்தா வாயால் சொன்னது ஒன்றுதான். மகிறம்மா படுக்கையில் விழுந்தபோது, முன் ஹோலில் கட்டில் போடக்கூடாது, கிழவியின் மூத்திரம் பட்டால் மாபிள் மங்கிப்போகும் என்று அமலதாஸ் சொன்னார். காணியை எழுதிக் கொடுத்த மனுசி அந்தக் காணியின் பின்மூலையில், கிடுகு வேய்ந்த குசினிக் கொட்டிலில், அடுப்புப் புகைக்குள் ஒன்பது நாள் கிடந்து செத்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, கறுப்புச் சீலையை மாற்றாமலே, ஜெசிந்தா அப்புக்காத்தரிடம் போய் விவாகரத்து வழக்குப் போட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் தூரதேசத்தில். தாய் பக்கமும் பேசாமல், தகப்பன் பக்கமும் பேசாமல் போனை வைத்துவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோட்டுக் கட்டளைப்படி நில அளவையாளர் வந்திருந்தார். அவருடைய நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா முற்றத்தில் நின்றாள். அமலதாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறாந்தையில் நின்றார்.

"சுவரிலை கை வையாதை," என்றார் அவர்.

"என்ரை காணியிலை நிண்டு எங்கையும் வைப்பன்."

"காணி கொம்மான்ரை. ஆர் இல்லையெண்டது? சுருட்டிக் கொண்டு போய்ப் பெட்டிக்குள்ளை வை. வீடு என்ரை. ஒவ்வொரு கல்லும் நான் காய்ஞ்ச வெய்யில்."

"அந்தக் கல்லெல்லாம் நிக்கிறது ஆற்றை மண்ணிலை? உங்கடை தலையிலையோ?"

"அப்ப கேட்டுக்கொள். இண்டையிலை இருந்து உன்ரை மண்ணிலை என்ரை வீடு முட்டாது!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடைகாத்த கோழி முட்டையை விட்டு எழும்புகிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு கண்ணாடியும் அதிராமல், வீடு எழும்பியது. கீழே சில்லென்ற கறுப்பு மண்ணும், நாலு மட்டத்தேளும், அத்திவாரம் போட்ட நாளில் மகிறம்மா மூலையில் வைத்த அந்தோனியார் சுரூபமும் கிடந்தன. விறாந்தையில் நின்றவர் மேலே போனார், முற்றத்தில் நின்றவள் கீழே நின்றாள். ஆர் எங்கே நின்றார்களோ அவர்கள் இனி அங்கேதான் என்பது அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நில அளவையாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "காணி வெறுங்காணி எண்டு கீறவோ, வீட்டோடை கீறவோ?" என்று கேட்டார். பிறகு தானாகவே இரண்டு விதமாகவும் இரண்டு படம் கீறிக்கொண்டு போனார்.

மேசன் சிங்கராயர் பின்னேரம் வந்து, வயிற்றில் படுத்து, ரோச் அடித்துப் பார்த்தார். "அத்திவாரம் கேக் வெட்டின மாதிரி வந்திருக்கு. என்ரை சீமெந்துக் கலவையை ஒருத்தரும் குறை சொல்லேலாது," என்று சொல்லிவிட்டு, சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனார். மின்சாரக்காரர் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தார்கள். விதானையார் வந்து, வீட்டிலக்கம் வீட்டுக்கு, குடும்ப அட்டை காணிக்கு என்று பிரித்து எழுதினார். பங்குச் சுவாமி வந்து, ஆண்டவர் சேர்த்ததை மனுசர் பிரிக்கக்கூடாது என்று பிரசங்கம் வைத்தார். அதற்குப் பக்கத்து வீட்டு எலிசபெத்து, "சுவாமி, வீட்டையும் மண்ணையும் சேர்த்தது சிங்கராயர்தானே," என்றாள். சுவாமி தீர்த்தத்தை வீட்டை நோக்கி மேலே எறிந்தார். அது திரும்பி அவருடைய கண்ணாடியிலேயே விழுந்தது.

வழக்கின் ஒவ்வொரு தவணைக்கும் வீடு ஒரு முழம் உயர்ந்தது. தவணை தள்ளிப்போட்டால் அதற்கும் ஒரு முழம். முதலில் கோழிகள் கீழே படுத்தன, பிறகு ஆடுகள், பிறகு எங்கள் ஆம்பிளைகள் குனிந்து போய் அந்த நிழலில் கிழிந்த வலை பொத்தினார்கள், பிறகு நிமிர்ந்தே போய்ச் சீட்டு விரித்து முன்னூற்றி நாலு விளையாடினார்கள். மழை வந்தால் பூசைக்குப் போகிற பெண்டுகள் நாங்கள் ஒதுங்கி நின்று, மேலே ஒருத்தர் நடக்கிற காலடியைக் கேட்டபடி செபமாலை சொன்னோம். பக்கத்து ஊர்க்காரர் பார்க்க வந்தால், "ஓம், எழும்பித்தான் நிக்குது, அதுக்கென்ன?" என்று கேட்கிற அளவுக்கு அது எங்களுக்குப் பழகிவிட்டது. எலிசபெத்து மட்டும் பழகவில்லை. "என்ரை மனிசனும் உப்பிடி ஒரு நாளைக்கு எழும்பிப் போனால் மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி," என்று அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள், கீழே சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய மனிசன், "நீ இருக்கிற பாரத்துக்கு நான் எழும்புவனோ?" என்பார்.

சிரிப்பு எங்களுக்குத்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது நஞ்சு.

ஜெசிந்தா குசினிக் கொட்டிலில் இருந்தாள். அது அவர் கட்டாததால் மண்ணிலேயே நின்றது. கிணறும் மண்ணில்தான். அமலதாஸ் விறாந்தைத் தூணில் கயிறு கட்டி வாளியை நேரே கிணற்றுக்குள் விட்டார். ஜெசிந்தா அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்தாள். அவர் புதுக்கயிறு விட்டார். அவள் கிணற்றுக்குப் பலகை போட்டு மூடி, அதன்மேல் குந்தியிருந்து கீரை ஆய்ந்தாள்.

"தண்ணி கூடத் தராத நீ ஒரு வேதக்காரியோ? கோயிலுக்கு என்ன முகத்தோடை போறாய்?"

"உங்களுக்குத் தண்ணி வேணுமெண்டால் மாபிளைப் பிழிஞ்சு குடியுங்கோ!"

அதற்குப் பிறகு தங்கச்சி பிலோமினாதான் ஒவ்வொரு நாளும் இரண்டு கலன் தண்ணீரும் சோற்றுப் பாசலும் கொண்டுவந்து, றோட்டில் நின்று, அண்ணன் விடுகிற கயிற்றில் கட்டினாள். நல்ல சகோதரம் என்று நாங்கள் சொன்னோம்.

வீட்டுக்குள் மகிறம்மாவின் அலுமாரி ஒன்று இருந்தது. காட்டு வேம்பில் செய்தது, சீதன உறுதிப் பத்திரத்தில் காணிக்குக் கீழே இரண்டாவது வரியில் எழுதப்பட்டது. ஜெசிந்தா படலையடியில் நின்று, எட்டு வீட்டுக்குக் கேட்க, அதைக் கேட்டாள். "அது என்ரை அம்மான்ரை. அதை இறக்கித் தாங்கோ. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்." அமலதாஸ் திரும்பி உள்ளே போனார். சிறிது நேரத்தில் மேலே கோடாலிச் சத்தம் கேட்டது. மூன்று நாள் அவர் தங்கச்சியின் சோற்றை வேண்டாமென்று, அந்த அலுமாரியை எரித்துச் சமைத்தார். வேம்புப் புகை ஊருக்கு மேலே கசந்து நின்றது, உடுப்பெல்லாம் மணத்தது, ஜெசிந்தா அந்த மூன்று நாளும் கொட்டில் வாசலில் முழங்காலில் நின்று செபித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன், அவளுக்காகத் தேற்றரவு மன்றாட்டுச் சொல்லலாம் என்று. பிறகுதான் கேட்டது, அவள் செபிக்கவில்லை, "அறுவான், நாசமறுவான், நிலம் இல்லாமல் அலைவான்" என்று செபமாலை மணியை உருட்டி உருட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்துமூன்று மணியும் அதுதான். ஆண்டவரே, அதை நான் இடையில் நிறுத்தவில்லை.

கோட்டிலே நடந்ததைச் சவிரிமுத்தர் வந்து சொன்னார். ஜெசிந்தாவின் அப்புக்காத்தர் எழும்பி, தாய் மகளுக்குக் கொடுத்த சீதனம் மகளுக்கே, அந்த மண்ணில் ஒட்டியிருக்கிற கட்டடம் மண்ணோடு சேர்ந்தது, ஆகையால் இரண்டும் அவளுக்கே என்றார். அமலதாசின் அப்புக்காத்தர் எழும்பி வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "கனம் நீதிபதி அவர்களே, வீடு ஒரு சாண் உயரத்தில் நின்ற காலத்தில் இந்தத் தும்புத்தடியை நாங்கள் கிழக்குப் பக்கத்தால் உள்ளே விட்டோம். மேற்குப் பக்கத்தால் வெளியே எடுத்தோம். எங்கே ஒட்டியிருக்கிறது?" நீதிபதி தும்புத்தடியை வாங்கிப் பார்த்தார். தீர்ப்பு மூன்று வரி. காணி தாய்வழி வந்தது, அது மனைவிக்கு. வீடு மண்ணில் ஒட்டாதது, அது புருசனுக்கு. காணிக்கு மேலே இருக்கிற ஆகாயமும் காணிக்காரிக்கே, ஆகையால் முப்பது நாளைக்குள் வீட்டை அங்கிருந்து அகற்ற வேண்டும்.

அமலதாஸ் வென்றுவிட்டார் என்றுதான் எல்லாரும் சொன்னோம். விறாந்தையில் இருந்து வெடி கொளுத்திப் போட்டார். ஜெசிந்தாவின் கொட்டில் கிடுகு பற்றி, நாங்கள் ஓடிப்போய் அணைத்தோம். எங்கள் ஊரின் பிழை அன்றைக்குத்தான் நடந்தது. வீடு ஆருக்கு, காணி ஆருக்கு என்று மூன்று வருசமாய் ஊர் முழுக்கக் கதைத்தோமே தவிர, தூக்கினதை இறக்க ஒரு மண் வேண்டுமே என்று ஒரு குருவிக்கும் தோன்றவில்லை.

முப்பதாம் நாள், விடியப்பூசை முடிந்த கையோடு, எங்கள் ஆம்பிளைகள் கரைவலைக் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். வேறு ஊராய் இருந்தால் பெரிய இயந்திரம் ஏதும் தேடியிருப்பார்கள். எங்களுடையவர்களுக்கு மிதக்கிறது எதுவும் கயிறு போட்டு இழுக்கிற வலைதான். கரைவலைச் சம்மாட்டி மரியதாசன் தன்னுடைய புதுக்கயிறு இரண்டையும் தந்தார், அமலதாஸ் அவற்றை விறாந்தைத் தூண்களில் கட்டினார், ஒரு கயிற்றுக்கு இருபது பேராய் றோட்டில் நின்று, இடுப்பை வளைத்து, குதிக்காலை ஊன்றி, வலை இழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடி அவர்கள் இழுக்க, தென்னை வட்டுக்கு மேலே நின்ற நாலு அறை வீடு, கண்ணாடி யன்னல் மினுங்க, ஜெசிந்தாவின் வேலியைத் தாண்டி மெல்ல மெல்ல அசைந்து வந்தது. நாங்கள் பெண்கள் பிள்ளைகள் எல்லாரும் அதன் நிழலுக்குள் நடந்து வந்தோம். மாதா சுற்றுப்பிரகாரம் போலத்தான் இருந்தது, மேலே நின்றவர் மட்டும் மாதா இல்லை.

பிலோமினாவின் படலையடியில் நிறுத்தினார்கள். படலை சாத்தி, கொளுக்கி போட்டிருந்தது.

"பிலோ! படலையைத் திற. இந்த முன்பக்கத்திலை இறக்குவம்," என்று மேலேயிருந்து அமலதாஸ் கூப்பிட்டார்.

பிலோமினா படலைக்கு உள்ளே நின்றபடி அண்ணாந்து பார்த்தாள். "அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. நான் இதை மூத்தவளுக்கு எழுதிப்போட்டன். மருமோன் பாருங்கோ, முத்தத்திலை கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார்."

"நான் தந்த மண்ணடி அது! என்ரை அப்புவின்ரை மண்!"

"தந்தது தந்ததுதானே அண்ணை. 'என்றென்றைக்கும்' எண்டு உறுதியிலை எழுதுவிச்சது நீங்கள்தானே."

"இவ்வளவு நாளும் தண்ணி கொண்டந்து தந்தாயே..."

"தண்ணி கிணத்திலை ஊறும் அண்ணை. மண் ஊறாது."

அவர் மேலே நின்று அவளைப் பேசின பேச்சை நான் எழுதமாட்டேன். கட்டிலில் படுத்திருந்த மருமகன் தலையணையைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கம் படுத்தான். அவ்வளவுதான்.

கோயில் வளவுக்கு இழுத்தார்கள். மூப்பர் வந்து, இது ஆயரின் பேரில் இருக்கிற மண், கடுதாசி போட்டுக் கேட்கவேண்டும் என்றார். விளையாட்டுக் கழகத்து மைதானத்துக்கு இழுத்தார்கள். பொடியங்கள் குறுக்கே நின்றார்கள். சங்கத்து மீன்வாடிக்கு இழுத்தார்கள். செயலாளர் பூட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். "சேமக்காலையிலை இவருக்கு ஆறடிக் குழி இருக்கு, அதை ஆரும் மறுக்கேலாது," என்று எலிசபெத்து சொன்னாள், இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெய்யில் உச்சிக்கு வந்து சரிந்தது. கயிறு இழுத்தவர்களின் உள்ளங்கை கொப்பளித்தது. திரும்பத் திரும்பச் சுற்றி, போக வேறு றோட்டு இல்லாததால், பின்னேரம் மூன்றரை மணிக்கு வீடு மறுபடியும் ஜெசிந்தாவின் படலைக்கு முன்னால் வந்து நின்றது.

அவள் படலைக்கு உள்ளே நின்றாள். கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

சுவாமிதான் கேட்டார். "பிள்ளை, மனமிரங்கு. எல்லாப் படலையும் சாத்தியாச்சு. நீ ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் அது இருந்த இடத்திலையே இறங்கும்."

"இறங்கட்டும் சுவாமி. எனக்கு எழுதித் தந்திட்டு இறங்கட்டும். என்ரை அம்மா எனக்கு எழுதின மாதிரி, நன்கொடை எண்டு எழுதி, கையெழுத்து வைச்சிட்டு, அவர் தன்ரை சூட்கேசோடை போகட்டும்."

சவிரிமுத்தர் காலமையிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு எங்களோடே நடந்தவர். அந்த இடத்திலேயே ஒரு ஆட்டோவின் முதுகில் கடுதாசியை விரித்து, கறுப்பு மையில், இன்ன திகதி, இன்ன ஆள், இன்ன வீடு என்று எழுதி முடித்தார். கடுதாசியையும் பேனையையும் ஒரு வாளியில் வைத்து மேலே இழுத்தார்கள். ஊர் முழுக்க அண்ணாந்து நின்றோம். ஒரு கையெழுத்து. அது வைத்தால் வீடு ஒருத்தருக்கென்றாலும் நிற்கும்; அவளுக்குக் கூரை, அவருக்கு இறங்க ஒரு வழி.

அமலதாஸ் கடுதாசியை வாசித்தார். நிதானமாய், இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு அதை நாலாய்க் கிழித்தார்.

"கடலிலை தாட்டாலும் தாப்பனே தவிர, உனக்குத் தரமாட்டன். உன்ரை கோத்தையின்ரை மண்ணிலை என்ரை ஒரு ஓட்டுத்துண்டும் விழாது!"

வீடு எழும்பியது. முன்பு முழம் முழமாய் எழும்பினது, இப்போது பனையுயரம் ஒரே மூச்சில். கயிறு வீணைக் கம்பி மாதிரி விறைத்து, நாற்பது பேரையும் குதிக்கால் தேய இழுத்தது. "விடாதையுங்கோடா, புதுக்கயிறு!" என்று கத்தின மரியதாசனே அடுத்த நிமிசம், "கயிறு போகட்டும், அந்த மனுசன் இறங்கட்டும்!" என்று கத்தினார். அமலதாஸ் உள்ளே ஓடினார், வெளியே வந்தார், என்ன எடுப்பது என்று தெரியாதவர் மாதிரி மறுபடி உள்ளே ஓடினார், கடைசியில் ஒன்றும் எடுக்காமல் தூணைக் கட்டிப்பிடித்துக் கயிற்றில் தொங்கி, உள்ளங்கைத் தோல் உரிய உரியச் சறுக்கி, தார் றோட்டில் குந்தி விழுந்தார். கயிறு பிடித்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாய் விட்டன. வீடு தென்னைகளுக்கு மேலே திரும்பி, இரண்டு கயிறும் வால் மாதிரி ஆட, கதவு திறந்தபடி, கம்பி அறுந்தும் ஹோல் லைற் எரிந்தபடி, கடல் பக்கம் போனது.

அது அந்தப் பக்கம்தான் இப்பவும் நிற்கிறது. அதன் நிழலில் கும்பிளா மீன் கூடுகிறது என்று எங்கள் ஆம்பிளைகள் அதற்குக் கீழேதான் வள்ளத்தை விடுகிறார்கள். அந்த நிழல் எங்கள் சங்கத்துக்கோ பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கோ என்று ஒரு வழக்கும் நடக்கிறது.

அன்றைக்கு அந்த றோட்டில் எல்லாரும் கடலைப் பார்த்து நின்றோம். அமலதாஸ் எழும்பினார். இரண்டு உள்ளங்கையிலிருந்தும் இரத்தம் சாரத்தில் ஒழுகியது. கடலைப் பார்க்கவில்லை, படலையைப் பார்த்தார். எலிசபெத்து தண்ணீர்ச் செம்பை நீட்டினாள், அதை வாங்கவில்லை.

"இப்ப சந்தோசமோ உனக்கு?" என்று கேட்டார். "ஒரு கூரை இல்லாமல் ரெண்டு பேரும் வெய்யிலிலை நிக்கிறம். சந்தோசமோ?"

ஜெசிந்தா கட்டின கையை அவிழ்க்கவில்லை. அவளுடைய முகம் செத்தவீட்டில் கடைசியாய்ப் பெட்டி மூடுகிற நேரத்து முகமாய் இருந்தது. அவள் அழுவாள் என்று நான் நினைத்தேன். அழ வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினேன்.

"இல்லை," என்றாள். "சந்தோசம் இல்லை. ஆனால் அதை நான் என்ரை காணியிலை நிண்டு சொல்லுறன்."

அவர் காலடியைக் குனிந்து பார்த்தார். அது றோட்டு. அரசாங்கத்தின் றோட்டு என்பதால் அவரைத் தள்ளி நில் என்று சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் உரிமை இருக்கவில்லை, வா என்று கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. நாலேகால் பஸ் வரும்வரைக்கும் அவர் அந்த இடத்திலேயே நின்றார், பஸ் வந்து ஊதினபோது மட்டும் ஒரு அடி விலகினார்.